ஐந்தரை கட்டையும் பியானோக்காரரும்: லண்டனில் மியூசிக்கல் தியேட்டர் படிக்க வருபவர்களுக்கு

மியூசிக்கல் தியேட்டர், அதாவது பாட்டும் ஆட்டமும் நடிப்பும் சேர்ந்த மேடை நாடகம், படிக்க வந்த முதல் வாரமே வகுப்பில் பாடச் சொன்னார்கள். பியானோக்காரர் என்னைப் பார்த்து, "கீ என்ன?" என்றார், எந்த சுருதி என்று. "ஐந்தரை கட்டை" என்று வாயில் வந்துவிட்டது. மனுஷர் பொறுமையாகக் காத்திருந்தார். என்னிடம் நோட்டேஷன் (பியானோக்காரர் பார்த்து வாசிக்கும் தாள்) கிடையாது, போனில் பாட்டு வரிகள் மட்டும்தான். அன்று பாடாமலே உட்கார்ந்தேன். ஐந்தரை கட்டை என்பது ஜி ஷார்ப். இதை ஊரிலேயே தெரிந்துகொண்டு வாருங்கள்.

அதனால் முதல் வேலை ஃபைல். எட்டுப் பத்துப் பாட்டின் நோட்டேஷனை உங்கள் கீயில் வாங்கி, ஏ4 ரிங் ஃபைலில் போடுங்கள். ஆடிஷனில் பெரும்பாலும் 16 அல்லது 32 பார்தான் (பார் என்பது நோட்டேஷனில் ஒரு தாளக் கட்டம்) கேட்பார்கள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பென்சிலால் தெளிவாகக் குறித்து வையுங்கள். வேகம் சொல்ல பியானோக்காரர் முன்னால் விரலைச் சொடுக்கக் கூடாது, மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். முதல் இரண்டு வரியை மெல்லப் பாடிக் காட்டினால் போதும்.

கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு இரண்டு பழக்கங்கள் காலை வாரும். ஒன்று, நேராக நிற்க வேண்டிய ஸ்வரத்தில் தானாக வந்து உட்காரும் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது. இன்னொன்று கை. காதலனைப் பிரிந்து உருகும் பாத்திரமாகப் பாடிக்கொண்டிருப்பேன், வலது கை தொடையில் ஆதி தாளம் போடும்! வீடியோவில் பார்த்த பிறகுதான் நம்பினேன். பரதம் ஆடியவர்களுக்கு டாப் (காலால் தாளம் தட்டி ஆடும் நடனம்) வகுப்பு சீக்கிரம் பிடிபடும், தட்டடவு போட்ட கால்களாயிற்றே. பாலேயில்தான் சத்தமில்லாமல் இறங்கக் கற்க வேண்டும். அபிநயத்தை விட்டுவிடாதீர்கள். ஒரே வரியைப் பத்து விதமாகச் செய்துகாட்டும் பயிற்சி இங்கே பலருக்குக் கிடையாது.

உச்சரிப்புக்கு ஒரு சின்னச் சோதனை. வாய்க்கு முன் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு 'பேப்பர்' என்று சொல்லுங்கள். ஆங்கிலேயர் சொன்னால் முதல் எழுத்திலேயே தாள் ஆடும். நாம் சொன்னால் அசையாது. அந்தக் காற்று பழக எனக்கு ஒரு டெர்ம் ஆனது.

சரி, விசா. இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். பட்டப்படிப்புக்கு வந்திருந்தால் டெர்ம் நாட்களில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். ஆனால் சுயதொழில் கூடாது, மேடைக் கலைஞராக வேலை பார்க்கவும் கூடாது. படிப்பின் பகுதியாக வரும் பிளேஸ்மென்ட் என்ற வேலைப் பயிற்சிதான் விதிவிலக்கு. நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். "தங்கச்சி, ஹாரோவில் ஒரு கல்யாணம், நாலு பாட்டுப் பாடிட்டுப் போம்மா" என்று கேட்டு, கையில் ஒரு கவர் கொடுப்பார்கள். வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டு டியூஷன் எடுத்துக் காசு வாங்குவதும் அதே கதைதான். கூச்சப்படாமல் மறுத்துவிடுங்கள். காபிக் கடை வேலையில் சிக்கல் இல்லை. சந்தேகம் வந்தால், அண்ணன்மாரைக் கேட்காமல் கல்லூரியின் விசா ஆலோசகரைக் கேளுங்கள்.

படிப்பு முடிந்து கிராஜுவேட் விசா எடுத்தால் மேடை வேலையும் சுயதொழிலும் செய்யலாம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளங்கலை, முதுகலை மாணவர்களுக்கு அது இரண்டு வருடம் இல்லை, 18 மாதம். கடைசி வருட ஷோகேஸில் (ஏஜென்ட்கள் முன் நடித்துக் காட்டும் நிகழ்ச்சி) வேலை தேடித் தரும் ஏஜென்ட் பிடிக்கும்போது இந்தக் கணக்கு தலையில் இருக்கட்டும்.

வீடு எடுக்கும்போது கல்லூரி எங்கே என்று பாருங்கள். ஆர்ட்ஸ்எட் கல்லூரி சிசிக்கில் இருக்கிறது, தமிழர்கள் நிறைய இருக்கும் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரே டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில், ஆனால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். மவுண்ட்வியூ கல்லூரி பெக்காமில், அங்கே மாறி மாறித்தான் போக வேண்டும். நாள் முழுக்க ஆடிவிட்டு வரும் கால்களுக்கு இது சின்ன விஷயமில்லை. மாணவர் ஆய்ஸ்டர் (பயண அட்டை) எடுத்தால் டிராவல்கார்டில் (பயண பாஸ்) 30 சதவீதம் குறையும். முழுநேர மாணவருக்கு கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்கான உள்ளாட்சி வரி) கிடையாது, கல்லூரிக் கடிதம் வாங்கி கவுன்சிலுக்குக் கொடுங்கள். நாடகம் பார்க்க லெஸ்டர் ஸ்கொயரில் உள்ள டிகேடிஎஸ் கவுன்டரில் தள்ளுபடி டிக்கெட் கிடைக்கும்.

அப்புறம், தொண்டை. குளிர்காலத்தில் ஹீட்டர் அறையைக் காய வைத்துவிடும், ஆவி பிடியுங்கள். ரிகர்சல் முடிந்து இரவு பத்து மணிக்குக் கொத்து ரொட்டி சாப்பிட்டுப் படுத்தால், காலையில் புளித்த ஏப்பத்தோடு குரலும் கட்டிப்போகும். எனக்கு இப்போதெல்லாம் ராத்திரியில் இட்லிதான். கொத்து, சனிக்கிழமை மதியம்.