பரஉ ஆடப் பழகுபவர்களுக்கு: முதலில் கால், அப்புறம்தான் கத்தி

சாய்ந்தமருது, கல்முனைப் பக்கத்துத் தம்பிமார் சிலர் வீடியோவில் பார்த்துவிட்டு எடுத்த எடுப்பிலேயே கத்தியைச் சுழற்றத் தொடங்குகிறார்கள், பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. யெமனில் கல்யாணத்திலும் பெருநாளிலும் ஆண்கள் ஜம்பியா என்ற வளைந்த கத்தியோடு ஆடுவதுதான் பரஉ. ஒருவரை ஒருவர் வெட்டுவது போல நடிப்பதல்ல அது. எல்லாருடைய காலும் ஒரே தாளத்தில் விழ வேண்டும், அவ்வளவு பெரிய விஷயம் அதுதான்.

அதனால் முதல் இரண்டு கிழமை வெறுங்கையோடு ஆடுங்கள். ஐந்து பேர் போதும். அரைவட்டமாக நின்று, நன்றாக ஆடுகிறவரை நடுவில் விடுங்கள். நம்முடைய பொல்லடியில், அதாவது கோலாட்டம் போன்ற கம்பு ஆட்டத்தில், ஆட்டத்தை நடத்தும் அண்ணாவியார் எப்படியோ அப்படித்தான் இவரும், எப்போது திரும்புவது, எப்போது குனிவது என்று இவர் காட்டுகிற குறிப்பைப் பார்த்தே மற்றவர்கள் ஆட வேண்டும், கண் அவரை விட்டு விலகவே கூடாது. முன்னால் ஓரடி, முழங்காலை மடக்கி ஒரு தாழ்வு, சின்னத் துள்ளல், அரைத் திருப்பம், இவ்வளவோடு தொடங்கலாம். யெமனில் ஊருக்கு ஊர், கபீலா என்ற குலத்துக்குக் குலம் அடி மாறும், ஆகவே ஒரு ஊர் ஆட்டத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், நாலையும் கலக்க வேண்டாம்.

அங்கே தாசா, மர்ஃபஉ என்று இரண்டு முரசு அடிப்பார்கள். நமக்கு றபான் என்ற கைப்பறை இருக்கிறதே, பழகுவதற்கு அது போதும். மெதுவாகத் தொடங்கிப் பகுதிக்குப் பகுதி வேகம் கூட்டுங்கள். வேகம் பிடிபடாதவர் ஒதுங்கிக்கொள்வதும் இந்த ஆட்டத்தின் வழக்கம்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை, கடைசியில் கெட்டிக்காரர் இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள்.

சரி, கத்திக்கு வருவோம். தென்னம்மட்டையில் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக வளைவாகச் செதுக்கிக்கொள்ளுங்கள். வலது கையில் பிடித்து, முனை மேலே பார்க்க, மணிக்கட்டை மட்டும் திருப்புங்கள். முழங்கையை வீசினால் பக்கத்தில் நிற்பவர் முகத்தில்தான் போய் முடியும், கை நீட்டினாலும் படாத இடைவெளி வேண்டும்.

அஸர் தொழுகைக்குப் பிறகு, பின்னேரத்தில், கடற்கரையில் பழகுவதென்றால் அலை நனைத்த இறுகிய மணலில் ஆடுங்கள், இறுகாத உதிரி மணலில் திரும்பினால் கணுக்கால் பிசகும். மேடையேறும் நாளிலும் கூர் மழுங்கிய கத்திதான், சின்னப் பிள்ளைகள் முன்வரிசையில் இருப்பார்கள்.