பெரிய டெக்ஸ்ட்ல எந்த வார்த்தை எத்தனை தடவை வருதுன்னு எண்ணுறது எப்படி?

ஒரு ஃபைல்ல பத்து லட்சம் வார்த்தை இருக்குன்னு வச்சுக்குவோம். அதுல "மழை" எத்தனை தடவை வருது, இது மட்டும்தான் வேணும்னா ரொம்ப யோசிக்கவே வேணாம். ஒரு நம்பரை 0-ல வச்சுட்டு முதல்லேருந்து கடைசி வரைக்கும் படிச்சுட்டே போய், மழை வரும்போதெல்லாம் 1 கூட்டிட்டே வாங்க, முடிஞ்சுது.

எல்லா வார்த்தைக்கும் கணக்கு வேணும்னு சொல்றப்போதான் சிக்கலே. புதுசா கத்துக்கிறவங்க (நானும்தான்) என்ன பண்ணுவோம்னா, வார்த்தைகளை ஒரு லிஸ்ட்ல போட்டுட்டு ஒவ்வொண்ணுக்கும் பைத்தான்ங்கிற ப்ரோக்ராமிங் மொழியோட கவுண்ட் ஃபங்ஷனைக் கூப்பிடுவோம். அது ஒவ்வொரு தடவையும் மொத்த லிஸ்ட்டையும் மறுபடி முதல்லேருந்து பார்க்கும். வேற வேற வார்த்தை 50,000 இருந்தா, 50,000 தடவை பத்து லட்சத்தைப் பார்க்கணும், அதாவது 5,000 கோடி ஒப்பீடு! ப்ரோக்ராம் ஹேங் ஆயிடுச்சுன்னே நினைப்பீங்க.

இதுக்கு பைத்தானோட டிக்ஷனரிதான் சரி, அதாவது ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்துல ஒரு நம்பரை வச்சுக்கிற அமைப்பு. நோட்டுல வார்த்தையை எழுதி பக்கத்துல கோடு போட்டுட்டே போற மாதிரிதான்.

முதல்ல காலியா ஒரு டிக்ஷனரி. அடுத்து ஃபைலை யூடிஎஃப்-8னு (எழுத்துகளை ஃபைல்ல சேமிக்கிற ஒரு முறை) சொல்லியே திறங்க, இல்லேன்னா சில கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்து புரியாத குறியா வரும். மொத்தமா மெமரியில ஏத்தாம வரி வரியா படிங்க. ஒவ்வொரு வரியையும் ஸ்ப்ளிட் போட்டு இடைவெளியில வெட்டுங்க, வார்த்தையோட ஓரத்துல ஒட்டியிருக்குற கமா, புள்ளி, மேற்கோள் குறியெல்லாம் நீக்குங்க, இல்லேன்னா "மழை"யும் "மழை,"யும் தனித்தனியா எண்ணப்படும். அப்புறம் அந்த வார்த்தை டிக்ஷனரில ஏற்கனவே இருந்தா 1 கூட்டு, இல்லேன்னா புதுசா 1னு போடு. அவ்ளோதான்.

"மழை வந்தது, மழை நின்றது, வெயில் வந்தது" இதை ஓட்டிப் பாருங்க: மழை 2, வந்தது 2, நின்றது 1, வெயில் 1.

இது ஏன் வேகம்னா, டிக்ஷனரி உள்ளுக்குள்ள ஹேஷ் டேபிள். வார்த்தையிலேருந்தே ஒரு எண்ணைக் கணக்கு போட்டு அது எந்த இடத்துல இருக்கும்னு நேரா அங்க போயிடும், உள்ள நூறு வார்த்தை இருந்தாலும் லட்சம் இருந்தாலும் தேடுற நேரம் சராசரியா ஒரே அளவுதான். அதனால 5,000 கோடி வேலை பத்து லட்சம் வேலையா குறைஞ்சுடுது. பைத்தான்ல இதையே ரெடிமேடா கவுண்டர்னு குடுத்திருக்காங்க, ஆனா ஒரு தடவை கையால எழுதிட்டு அப்புறம் அதுக்கு மாறுங்க.

இனிமே சொல்றது தமிழுக்குன்னே இருக்குற தலைவலி. வார்த்தையைப் பிரிக்க ரெஜெக்ஸ் (டெக்ஸ்ட்ல ஒரு வடிவத்தைச் சொல்லித் தேடுற முறை) யூஸ் பண்ணி, எல்லாரும் போடுற "வேர்ட் கேரக்டர்" குறியை (\w) போட்டேன், ரிசல்ட்ல ஒத்தை ஒத்தை எழுத்தா வந்து நிக்குது! காரணம், பைத்தானோட ரெஜெக்ஸ் புள்ளியையும் துணைக்கால் மாதிரி உயிர்க்குறிகளையும் எழுத்தா சேர்த்துக்காது, "பாட்டு"ங்கிறது ப, ட, டன்னு மூணா உடைஞ்சுடும். ஸ்ப்ளிட்டே போதும்னு நான் சொல்றது இதுக்குத்தான். இன்னொண்ணு, "கொ"ல இருக்குற கொம்பும் காலும் யூனிகோட்ல (ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் குடுக்குற முறை) ஒரே குறியாவும் வரலாம், ரெண்டு குறியாவும் வரலாம், கண்ணுக்கு ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற. எண்ணுறதுக்கு முன்னாடி என்எஃப்சி நார்மலைசேஷன் போட்டுடுங்க, ரெண்டும் ஒரே மாதிரி ஆயிடும்.

எடிட்டர்ல தேடி வர்ற எண்ணிக்கையையும் அப்படியே நம்பாதீங்க, "கல்"னு தேடினா கல்வி, கல்யாணம் எல்லாத்தையும் சேர்த்து எண்ணிடும். டிக்ஷனரில அது வராது, ஆனா மரம், மரத்தை, மரத்துல மூணும் மூணு வார்த்தையா நிக்கும். வேர்ச்சொல் பிரிக்கிற வேலைக்கெல்லாம் இப்போ போகாதீங்க, ரிசல்ட்டை அகர வரிசையில அடுக்கினா இதெல்லாம் கிட்டக்கிட்ட வந்து உட்கார்ந்துடும், வேணுங்கிற சொல்லுக்கு மட்டும் கையாலேயே கூட்டிக்கலாம்.