உடம்பை நாமே கவனிக்கக் கிளம்பும்போது எங்கே சறுக்குகிறோம்?

சுங்கை சிப்புட் காலைச் சந்தையில் ஒரு கட்டுக் கீரை வாங்கி முடிப்பதற்குள் இனிப்பு நீருக்கு, அதாவது நீரிழிவுக்கு, இரண்டு வைத்தியமாவது காதில் விழும். ஒருவர் வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கச் சொல்வார். இன்னொருவர் பாகற்காய்ச் சாறு என்பார். அப்புறம் ஒருவர் கைப்பேசியை எடுத்துத் தமிழ்நாட்டு டாக்டரின் காணொளியையே போட்டுக் காட்டுவார். எல்லாம் அக்கறையில் சொல்வதுதான். நம் ஆட்களுக்கு அந்த அக்கறை தேவையும்கூட. சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2023 ஆய்வில் அது 15.6 விழுக்காடு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அதிகம்.

முன்பு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்சர் (மருத்துவ உதவியாளர்) கொடுத்ததை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். என்ன மாத்திரை, எதற்கு என்று கேட்கும் வழக்கம் இல்லை. கேட்டால் திட்டு விழும் என்ற பயம் வேறு. இப்போது தோட்டமும் போய் டிரெஸ்சரும் போய், வாட்ஸ்அப் வந்திருக்கிறது. ஆனால் கேட்காமல் விழுங்கும் பழக்கம் அப்படியே இருக்கிறது. உணவாலும் படிப்பாலும் உடம்பைப் பார்த்துக்கொள்ள நினைப்பவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இங்கிருந்துதான் வருகின்றன.

தன் கணக்கு தெரியாமல் வைத்தியம் தேடுவது

"சர்க்கரை எவ்வளவு அண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். "கொஞ்சம் ஏறித்தான் இருக்கு" என்று பதில் வரும். எந்த நேரத்தில் எடுத்தது, சாப்பிடுமுன்னா பின்னா, மூன்று மாதச் சராசரி என்ன என்று கேட்டால் தெரியாது. ஆனால் அதே அண்ணனுக்குப் பத்து மூலிகையின் பெயர் தெரிந்திருக்கும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் சொந்த எண்களைத்தான். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் அளவு, அப்புறம் இடுப்புச் சுற்றளவு. நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியில் வெறும் வயிற்றில் 7.0 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது எச்பிஏ1சி 6.3 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால், நீரிழிவு என்று கொள்கிறார்கள். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு முறை எடுத்து உறுதி செய்வார்கள். இடுப்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடாது. தையல்காரர் வைத்திருக்கும் நாடா போதும், அளந்துவிடலாம்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). எடுத்த பரிசோதனையின் முடிவைத் தரச் சொல்லுங்கள், அல்லது திரையில் காட்டச் சொல்லிக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மிசி (தாதி) கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். அது உங்கள் இரத்தம்.

தமிழ்நாட்டு எண்ணை இங்கே பொருத்துவது

இதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தாகப் படுகிறது. தமிழ்க் காணொளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வருகின்றன. அங்கே சர்க்கரையை மில்லிகிராமில் சொல்வார்கள். இங்கே நம் கருவியும் கிளினிக்கும் மில்லிமோலில் காட்டும். இரண்டும் வேறு வேறு கணக்கு.

ஒரு சகோதரி காணொளியில் "சாப்பாட்டுக்கு முன் 120-க்குள் இருக்கட்டும்" என்று கேட்கிறார் என்று வையுங்கள். மறுநாள் காலையில் வெறும் வயிற்றில் தன் கருவியில் 9.4 என்று பார்க்கிறார். 120-க்கு எதிரே ஒன்பது, நிம்மதி. உண்மையில் அந்த 9.4-ஐ 18-ஆல் பெருக்கினால் 169 வருகிறது. அவர் நிம்மதியாக இருக்க வேண்டிய நிலையில் இல்லை.

சர்க்கரைக்கு 18 என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்புக்குப் பெருக்கும் எண் வேறு, ஏறக்குறைய 38.7. அங்கே 200 என்று எச்சரிப்பது இங்கே 5.2. சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினினில் நேர் எதிரான குழப்பம். அங்கே 1.2 என்று சொல்வது இங்கே 106 என்று தாளில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காதவர்கள் உண்டு. எச்பிஏ1சி மட்டும் பெரும்பாலும் இரண்டு இடத்திலும் விழுக்காட்டில்தான் வரும், அதற்குப் பெருக்கல் வேண்டாம்.

உழைப்பு போய்விட்டது, தட்டு போகவில்லை

விடியுமுன் தோட்டத்தில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, நூற்றுக்கணக்கான ரப்பர் மரங்களைச் சீவி, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடந்த உடம்புக்கு மலைபோல் சோறு தேவைப்பட்டது. அந்த உடம்பு அதை எரித்தும் விட்டது. பேரப்பிள்ளைகள் தொழிற்சாலையில் நிற்கிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள், காவலர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டில் சோற்றின் அளவு மட்டும் தாத்தாவுடையது.

இதைச் சரிசெய்ய விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செபாரோ' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ முட்டையோ பருப்போ, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். வாழை இலைச் சாப்பாட்டிலும் இதைச் செய்யலாம். இலையில் முதலில் கீரையையும் பொரியலையும் வைத்துக்கொண்டு, மிச்ச இடத்தில் சோறு. நம் பக்கத்தில் முருங்கைக்கீரைக்கும் கங்கோங்குக்கும் சிறகவரைக்கும் பஞ்சமே இல்லை.

இனிப்பை மட்டும் எதிரியாகப் பார்ப்பது அடுத்த சறுக்கல். தேத்தண்ணியில் சீனியை நிறுத்திவிட்டு மூன்று ரொட்டி சானாய் சாப்பிட்டால் இரத்தத்தில் ஏறப்போவது சர்க்கரைதான். சோற்றை விட்டுவிட்டு ஐந்து சப்பாத்தி சாப்பிடுவதிலும் பெரிய லாபம் இல்லை. கேழ்வரகு நல்ல தானியம், ஆனால் மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி ஒரு பெரிய குவளை குடித்தால் வேகமாகத்தான் ஏறும். தேன், கூலா மலாக்கா, கருப்பட்டி எல்லாமே உடம்புக்குச் சர்க்கரைதான். இதை எத்தனை முறை சொன்னாலும் வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதுதான்.

தே தாரேக்கில் போடும் டின்பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. 'கூராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக) என்று கேட்டால் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு அளவில் வரும். பாலும் சீனியும் இல்லாத 'தே ஓ கோசோங்' என்று கேளுங்கள், பால் இல்லாமல் முடியாது என்றால் சீனி போடாத 'தே சி கோசோங்'.

சரி, எனக்கு எது ஏறுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் கருவி இருந்தால் உங்கள் சமையலையே சோதித்துப் பாருங்கள். ஒரு நாள் மூன்று தோசையைத் தேங்காய்ச் சட்னியோடு சாப்பிடுங்கள். சாப்பிடுமுன் ஒரு முறை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை குத்திப் பாருங்கள். இன்னொரு நாள் அதே நேரத்தில் இரண்டு தோசை, காய் நிறையப் போட்ட சாம்பார், ஓர் அவித்த முட்டை. இரண்டு நாள் எண்களையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். நம் நாட்டு வழிகாட்டியில் பொதுவாகச் சாப்பிடுமுன் 4.4 முதல் 7.0 வரை, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 8.5-க்குள் என்று இலக்கு வைக்கிறார்கள். வயதானவர்களுக்கு டாக்டர் இதைத் தளர்த்துவார். ஊசிப் பட்டை விலை அதிகம், தினமும் குத்த வேண்டாம், வாரத்துக்கு ஒரு வேளையை எடுத்துக்கொண்டால் போதும். பத்துக் காணொளி சொல்லித்தராததை அந்தத் தாள் சொல்லித்தரும்.

மூலிகை என்று பெயர் போட்ட மாத்திரை

பாசார் மாலாமிலும் (இரவுச் சந்தையிலும்) இணையத்திலும் மூட்டுவலிக்கு என்று விற்கும் மாத்திரைகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பதிவு செய்யாத இப்படிப்பட்ட பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்திருப்பதை நாட்டின் மருந்து ஒழுங்குமுறைத் துறை பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. அதனால்தான் இரண்டு மூன்று நாளில் வலி பறந்துவிடுகிறது. கூடவே சர்க்கரை ஏறும், அழுத்தம் ஏறும், நாளாக ஆக முகம் வட்டமாக உப்பும், எலும்பு பலவீனமாகும். சாப்பாட்டில் ஒன்றும் மாறவில்லை, சர்க்கரை மட்டும் ஏறுகிறது என்றால் அலமாரியில் இந்த டப்பா இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சட்டென்று நிறுத்தாமல், டப்பாவோடு டாக்டரிடம் போங்கள். நாள்பட எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

பதிவு பெற்ற மருந்தில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். பாரம்பரிய மருந்தானால் அந்த எண் 'டி' (T) என்ற எழுத்தில் முடியும். ஒழுங்குமுறைத் துறையின் இணையத்தளத்தில் எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். ஆனால் அந்த எண் இருப்பதால் நோய் குணமாகும் என்று அர்த்தம் இல்லை.

எண் நன்றாக வந்ததும் மருந்தை நிறுத்துவது

சாப்பாட்டை ஒழுங்கு செய்து எண் இறங்கியதும், "இனி மாத்திரை எதற்கு?" என்று தோன்றும். மருந்தும் சேர்ந்துதானே இறக்கியது. எடை நன்றாகக் குறைந்தவர்களுக்கு டாக்டரே மருந்தைக் குறைப்பதுண்டு, சிலருக்கு முழுக்க நிறுத்துவதும் உண்டு. பதிவுத் தாளோடு போய்க் கேளுங்கள், நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்கு இன்னொன்று. ஊருக்கெல்லாம் நல்லது என்று சொல்லும் உணவு அவர்களுக்குக் கெடுதலாகலாம். நட்சத்திரப் பழம், அதாவது நாம் பிலிம்பிங் என்று சொல்வது, அவர்களுக்கு விஷம் மாதிரி. தீராத விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும். சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும், அதுவும் அவர்களுக்கு ஆகாது. மற்றவர்கள் உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிக்குள், வைத்துக்கொள்ள வேண்டும். கருவாடு, கீச்சாப், பிளாச்சான், உடனடி மீயின் தூள் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

விரதம்

தைப்பூசத்துக்கும் புரட்டாசிச் சனிக்கும் விரதம் இருப்பவர்கள் இங்கே நிறைய. இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் கிளிக்லசைடு மாத்திரையோ எடுப்பவர் சாப்பிடாமல் இருந்துகொண்டு மருந்தை மட்டும் போட்டால் சர்க்கரை தாழ்ந்து விழுந்துவிடலாம். விரதம் தொடங்கச் சில வாரங்கள் முன்பே கிளினிக்கில் சொல்லுங்கள், நேரத்தையும் அளவையும் மாற்றித் தருவார்கள். வியர்த்து, கை நடுங்கி, தலை கிறுகிறுத்தால் உடனே குத்திப் பாருங்கள். 4-க்குக் கீழே இருந்தால் விரதத்தை அங்கேயே முடித்து, ஒரு மேசைக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடிக்க வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 999-ஐ அழையுங்கள். காவடி எடுப்பவரோடு நடந்து போகிறவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், பையில் ஒரு பொட்டலம் சீனி இருக்கட்டும்.