வீட்டில் பம்பாய் சாண்ட்விச்: ஊறாமல், நழுவாமல் அடுக்கும் முறை

வீட்டில் செய்த காய்கறி சாண்ட்விச் பத்தே நிமிடத்தில் சொதசொதவென்று ஆகிவிடுகிறது, கடித்தால் தக்காளி ஒரு பக்கமும் வெள்ளரி ஒரு பக்கமும் நழுவுகிறது என்று என் மருமகள் உட்படப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். காயிலோ பிரெட்டிலோ குறை இருக்காது. காயிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு யாரும் வழி யோசிப்பதில்லை, அவ்வளவுதான். பம்பாய்த் தெருவோர சாண்ட்விச்சில் ஒவ்வொரு அடுக்கும் அந்தத் தண்ணீரை நினைத்தே வைக்கப்படுகிறது. மாதுங்காவில் குடியிருந்து ஃபோர்ட்டில் வேலை பார்த்த வருடங்களில் என் மதியச் சாப்பாடு பெரும்பாலும் இதுதான். "தீக்கா யா மீடியம்?" (காரமா, மிதமா?) என்று கேட்டுக்கொண்டே சாண்ட்விச்வாலா அடுக்கும் கையைப் பார்த்துப் பார்த்துப் படிந்த முறையைச் சொல்கிறேன்.

பிரெட் சாதாரண வெள்ளை பிரெட்தான். பம்பாயில் விப்ஸ் என்ற கம்பெனியின் பிரெட்டுக்குத் தனி மவுசு உண்டு. நம் ஊரில் பெரிய சதுர ஸ்லைஸாகக் கிடைக்கும் சாண்ட்விச் பிரெட் போதும். இனிப்பான மில்க் பிரெட் வேண்டாம், சட்னியோடு ஒத்துப்போகாது. அன்று காலை வந்த பிரெட்டைவிட முந்தைய நாள் பிரெட் நல்லது, பட்டர் தடவும்போது பிய்யாது. ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். வெளியில் இருப்பதைவிட அங்கேதான் பிரெட் சீக்கிரம் வறண்டு விறைக்கும். ஓரத்தை நான் வெட்டுவதில்லை, பிடித்துச் சாப்பிட அதுதான் பிடிப்பு.

அடுத்தது பட்டர். இதில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. உப்பு போட்ட மஞ்சள் பட்டரை அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்து, இரண்டு ஸ்லைஸிலும் நான்கு மூலை வரை, இடைவெளி விடாமல் தடவுங்கள். அதில் 80 சதவீதம் கொழுப்பு. தக்காளித் தண்ணீர் பிரெட்டுக்குள் இறங்காமல் தடுப்பது அந்தக் கொழுப்புதான். நடுவில் மட்டும் தடவி ஓரத்தை விட்டால், ஊறல் அந்த ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். வீட்டில் கடைந்த வெண்ணெய் ருசிதான், ஆனால் மோர் ஈரம் அதில் நிறைய இருக்கும். அதை அடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சட்னிதான் இந்த சாண்ட்விச்சின் உயிர். நான்கு சாண்ட்விச்சுக்கு ஒரு பெரிய கட்டு கொத்தமல்லி. வேரை மட்டும் நறுக்கிவிட்டுக் காம்போடு போடுங்கள், வாசனை காம்பில்தான் அதிகம். ஒரு கைப்பிடி புதினா இலை, நான்கு பச்சை மிளகாய், சிறு துண்டு இஞ்சி, அரை ஸ்பூன் சீரகம், உப்பு. இவற்றோடு இரண்டு மேஜைக்கரண்டி பொட்டுக்கடலை கட்டாயம் வேண்டும், தழையின் தண்ணீரைப் பிடித்து நிறுத்துவது அதுதான். தழையைக் கழுவியதும் துணியில் பரப்பி ஈரம் போக விடுங்கள். முதலில் பொட்டுக்கடலையைப் பொடித்துக்கொண்டு, பிறகு மற்றவற்றைச் சேர்த்து இரண்டு மூன்று ஐஸ் துண்டுகளோடு விட்டு விட்டு அரையுங்கள். மிக்ஸிச் சூட்டில் பச்சை நிறம் கறுத்துப்போகாமல் இருக்கத்தான் ஐஸ். அரை மூடி எலுமிச்சைச் சாறு கடைசியில். கரண்டியைக் கவிழ்த்தால் சட்னி சொட்டக் கூடாது. இட்லிக்கு அரைப்பதைவிட காரமும் புளிப்பும் ஒரு படி தூக்கலாக இருக்கட்டும், உருளையும் பிரெட்டும் சேர்ந்து அதை அடக்கிவிடும். தேங்காய், பூண்டு இரண்டும் வேண்டாம்.

மேலே தூவும் மசாலாவைக் கடையில் வாங்கலாம், ஆனால் வீட்டில் பொடித்ததற்கு ஈடாகாது. இரண்டு ஸ்பூன் சீரகம், ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சோம்பு, சுண்டுவிரல் நீளப் பட்டையில் பாதி, இரண்டு கிராம்பு. சிறு தீயில் வாசனை வரும்வரை வறுத்து, ஆறியதும் பொடித்து, ஒரு ஸ்பூன் கறுப்பு உப்பும் ஒரு ஸ்பூன் ஆம்சூரும் (காய்ந்த மாங்காய்ப் பொடி) கலந்தால் முடிந்தது. கறுப்பு உப்புக்குப் பதில் இந்துப்பு போட்டால் அந்த ருசி வராது. கறுப்பு உப்பில் இருக்கும் கந்தக வாசனைதான் பம்பாய் ருசி.

உருளைக்கிழங்கை மசாலாவுக்கு வேகவைப்பதைவிட ஒரு விசில் குறைவாக விடுங்கள். தோலோடு ஆறவிட்டு, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தபின் உரித்தால் உதிராமல் வில்லை வரும். பீட்ரூட்டும் வேகவைத்து ஆறியது. உருளை, பீட்ரூட், வெள்ளரி, தக்காளி நான்கும் 3 மில்லிமீட்டர் கனம்; வெங்காயம் மட்டும் கத்திக்கு எவ்வளவு மெல்லிசாக வருமோ அவ்வளவு. தக்காளி கெட்டியான நாட்டுத் தக்காளியாக இருந்தால்கூட வில்லைகளைத் துணியில் ஒற்றி எடுங்கள். வெள்ளரிக்கும் அதே வேலை.

இப்போது அடுக்கலாம். இரண்டு ஸ்லைஸிலும் பட்டருக்கு மேல் சட்னி. கீழ் ஸ்லைஸில் முதலில் உருளை, மூலை காலியாக இல்லாமல், ஒன்றின் விளிம்பு மற்றதன்மேல் ஏறும்படி. உருளை சட்னியில் ஒட்டி நிற்கும், மேலிருந்து இறங்கும் ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும். அதன்மேல் ஒரு சிட்டிகை மசாலா. பிறகு வெள்ளரி, தக்காளி. ஈரக் காய்களின் இடம் நடுவில்தான், பிரெட்டைத் தொடவே கூடாது. அவற்றின்மேல் மறுபடி மசாலா. அதற்கு மேல் பீட்ரூட், கடைசியாக வெங்காயம். மசாலாவை முன்கூட்டியே காயில் பிசறி வைக்காதீர்கள், உப்பு பட்ட நிமிடமே தக்காளியும் வெள்ளரியும் தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். சாப்பிடுபவர் உட்கார்ந்த பிறகு தூவுவதே சரி. மேல் ஸ்லைஸை வைத்து உள்ளங்கையால் ஒருமுறை, மெதுவாக, பரவலாக அழுத்துங்கள்.

டோஸ்ட் செய்யாமலும் இது அருமையாக இருக்கும். கோடையில் எனக்கு அதுதான் பிடிக்கும். டோஸ்ட் வேண்டுமென்றால், இரண்டு தகடும் நீளக் கைப்பிடியும் உள்ள அலுமினிய டோஸ்டரில் வெளிப்பக்கமும் பட்டர் தடவி வைத்து, நடுத்தரத் தீயில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம். அது இல்லாத வீட்டில் தோசைக்கல் இருக்கிறது. தோசைக்குக் காய்வதைவிடக் குறைந்த சூட்டில் வைத்து, தட்டையான அடியுள்ள பாத்திரத்தில் பாதி தண்ணீர் நிரப்பி சாண்ட்விச் மேல் வையுங்கள். தீ அதிகமானால் வெளியே கருகும், உள்ளே உருளை சில்லென்றே இருக்கும்.

பல் வைத்த பிரெட் கத்தியால், அழுத்தாமல், ரம்பம் இழுக்கிற மாதிரி ஆறு துண்டாக அறுக்க வேண்டும். மேலே இன்னும் கொஞ்சம் சட்னி, அதன்மேல் மெல்லிய சேவ். நம் ஓமப்பொடியிலேயே பொடி ரகம் பொருந்தும்.

டப்பாவில் கட்டிக் கொடுப்பதென்றால் தக்காளியை விட்டுவிட்டு உருளையை இரண்டு அடுக்காக வையுங்கள். டோஸ்ட் செய்திருந்தால் கம்பித் தட்டில் ஆறவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்க்கும் நீர் திரும்பவும் பிரெட்டில்தான் சொட்டும். சேவைத் தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தால், சாப்பிடுகிற நேரத்தில் தூவிக்கொள்ளலாம்.