அரச பெயர் தேடுகிறீர்களா?

எங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் பெயர் தேடும் வேலை என்னிடம்தான் வரும். முதலில் பட்டியலை மூடிவிட்டு, பெயர் எந்த மொழியிலிருந்து வருகிறது என்று பாருங்கள். அர்த்தம் அங்கேதான் உறுதியாகும்.

சாரா எபிரேயத்தில் இளவரசி. பைபிளில் சாராய்க்கு ஆதியாகமம் 17-ல் இந்தப் பெயர் வருகிறது. ரெஜினா லத்தீனில் ராணி. பேசில் கிரேக்கத்தில் அரசனைக் குறிக்கும் பசிலியஸிலிருந்து வந்தது. ரஷ்யாவில் அதுவே வசீலி.

அரபுப் பெயரென்றால் நிதானம் வேண்டும். மலிக் என்றால் அரசன், மாலிக் என்றால் உடைமையாளர். ஒரு கால் போட்டால் பெயரே வேறு. அரபு எழுத்து தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். பெண் குழந்தைக்கு மலிகா, அமீரா இரண்டும் அழகு.

தமிழில் என் மனதுக்குப் பிடித்தது இளங்கோ. 'கோ' அரசன், இளங்கோ இளவரசன். இளவரசி, வேந்தன், கோமகள் எல்லாம் இருக்கின்றன. சோழர் பெயர் ஆசை உள்ளவர்கள் பட்டப்பெயரையும் இயற்பெயரையும் பிரித்துப் பாருங்கள்: ராஜராஜன் பட்டம், அருள்மொழி இயற்பெயர்.

சரி, தேர்ந்ததும் தெருவுக்குக் கேட்கும்படி சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். பாட்டிக்கு வாயில் வர வேண்டும். அப்புறம் தமிழ், ஆங்கில எழுத்துகளை முடிவு செய்து, பிறப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் அந்தப் பதிவில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். அதுவரை பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது.