பொம்பளைங்களுக்கு நெஞ்சு அடைச்சா "கேஸ்"னு தள்ளிப்போடாம என்ன பண்ணணும்

ஹார்ட் அட்டாக்னாலே ஒரு ஆம்பளை நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு சாயுறது தான் நம்ம கண்ணுக்கு வருது. பொம்பளைங்களுக்கும் நெஞ்சுல தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும், ஆனா அவங்க அதை வலின்னு சொல்ல மாட்டாங்க, "என்னமோ அமுக்குது"ம்பாங்க, "முதுகு பிடிச்சிருக்கு", "தாடை கடுக்குது", "வயித்த பெரட்டுது"ம்பாங்க, கூடவே மூச்சு வாங்கும், ஃபேனுக்கு அடியில உக்காந்திருந்தாலும் ரவிக்கை நனையுற அளவுக்கு வேர்க்கும். நான் கேஷுவாலிட்டில நர்ஸ். இங்க வர்ற அம்மாமாருங்க நிறைய பேரு ஓமத்தண்ணி குடிச்சு, ஈனோ குடிச்சு, பிள்ளைங்களுக்கு டிபன் கட்டிக் குடுத்து, ஊறவச்ச துணியையும் அலசிப்போட்டுட்டு தான் வர்றாங்க. அதுக்குள்ள இதயத்துல ஒரு பக்கம் சதை செத்துப்போயிருக்கும்.

அதனால முதல்ல இதை மனசுல வச்சுக்கோங்க. தொப்புளுக்கு மேல தாடை வரைக்கும் எங்கயாவது அமுக்கமோ அடைப்போ வந்து 10 நிமிஷத்துல விடல, கூட வேர்வையோ மூச்சு வாங்குறதோ இருக்குன்னா 108 அடிங்க. பைக்ல நடுவுல உக்கார வச்சு கூட்டிட்டுப் போகாதீங்க, மாடிப்படி இறங்கி நடக்க வைக்காதீங்க. டாக்டர் சாயங்காலம் 6 மணிக்கு வர்ற தெருமுனை கிளினிக்கும் வேணாம், 24 மணி நேரமும் ஈசிஜி எடுக்குற இடம் தான் வேணும், ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்ல அடைப்பு எங்கன்னு பாக்குற டெஸ்ட்) பண்ற வசதி இருந்தா இன்னும் நல்லது. அது எதுன்னு இன்னிக்கே விசாரிச்சு வச்சுக்கோங்க.

வண்டி வர்ற வரைக்கும் ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்னு முழுங்கலாம், அதாவது 75 மாத்திரைன்னா 4, 150ன்னா 2. ஆனா ஆஸ்பிரின் அலர்ஜி இருந்தா, அல்சர்ல ரத்தம் போயிருந்தா, வாய் கோணி கை கால் இழுக்குற மாதிரி இருந்தா குடுக்கக் கூடாது, சந்தேகம்னா 108ல பேசுறவங்ககிட்டயே கேட்டுக்கோங்க. பக்கத்து வீட்டுக்காரர் நெஞ்சுவலிக்கு வச்சிருக்கிற சார்பிட்ரேட் மாத்திரையை வாங்கி நாக்குக்கு அடியில வைக்காதீங்க, பிபி ஏற்கெனவே இறங்கியிருந்தா ஆளே சாஞ்சிடுவாங்க. வாட்ஸ்அப்ல சுத்துற "வேகமா இருமுங்க சரியாயிடும்" கதையையும் விட்டுருங்க. கிராமத்துல இருக்கீங்க, பெரிய ஆஸ்பத்திரி தூரம்னா ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் டோஸ் குடுப்பாங்க, தமிழ்நாட்டுல 2023ல வந்த 'இதயம் காப்போம்' திட்டம் இதுக்குத்தான். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டேட்டின்னு 14 மாத்திரையை ஒண்ணாக் குடுத்து மேல அனுப்புவாங்க, இவ்ளோ மாத்திரையான்னு பயப்பட வேணாம், அளவே அவ்ளோ தான்.

உள்ள வந்ததும் என்ன சொல்றீங்கங்கிறது ரொம்ப முக்கியம். "கேஸ் மாதிரி இருக்குங்க"ன்னு நீங்களே தீர்ப்பு சொல்லிட்டா எதிர்ல இருக்கிறவங்களும் ஒரு கேஸ் ஊசி போட்டு உக்கார வச்சிடலாம், கூட்ட நேரத்துல நடக்கக்கூடியது தான். "7 மணிக்கு ஆரம்பிச்சது, நெஞ்சு அடைக்குது, வேர்க்குது, சுகர் இருக்கு, ஈசிஜி எடுங்க"ன்னு நேரா சொல்லுங்க. வந்த 10 நிமிஷத்துல ஈசிஜி எடுக்கணும்ங்கிறது தான் கணக்கு. ஈசிஜிக்கு ரவிக்கை, உள்ளாடை எல்லாம் தளர்த்தி இடது மார்புக்கு அடியில பட்டன் ஒட்டணும், இங்க தான் நம்ம ஆளுங்க கூச்சப்பட்டு இறுக்கிப் பிடிச்சுக்குவாங்க, பட்டன் மேலயோ கீழயோ போச்சுன்னா ரிப்போர்ட்டே மாறிடும், லேடி ஸ்டாஃப் வேணும்னு கேளுங்க, ஸ்கிரீன் போடச் சொல்லுங்க, தப்பே இல்ல. முதல் ஈசிஜி நார்மல்னு சொன்னாலும் உடனே வீட்டுக்குக் கிளம்பாதீங்க. அடைப்பு நீடிச்சா திரும்ப எடுக்கணும், ட்ரோபோனின் ரத்த டெஸ்டும் (இதய சதை அடிபட்டா இது ரத்தத்துல ஏறும்) சில மணி நேரம் விட்டு ரெண்டாவது தடவை பாக்கணும்.

பெரிய ரத்தக்குழாய் முழுசா அடைச்சிருந்தா ஆஞ்சியோபிளாஸ்டி பண்ணி, அதாவது பலூன் விட்டு அடைப்பைத் திறந்து, ஸ்டென்ட்ங்கிற சின்ன வலைக்குழாய் வைப்பாங்க, அதுக்கு வழி இல்லாத ஊர்ல ரத்தக்கட்டியைக் கரைக்குற ஊசி போடுவாங்க, ஊசி 12 மணி நேரத்துக்குள்ள தான், அதுலயும் முதல் ரெண்டு மூணு மணி நேரத்துல போட்டா தான் முழு பலன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில இதுக்கு கவரேஜ் உண்டு, "பெரியவன் ஊர்ல இருந்து வரட்டும், கலந்து பேசிட்டு கையெழுத்து போடுறோம்"னு உக்காந்திருக்காதீங்க. அப்புறம் சில பொம்பளைங்களுக்கு ஆஞ்சியோல அடைப்பே தெரியாது. உடனே "டென்ஷன்மா உனக்கு"ன்னு முடிச்சிடுவாங்க. சின்ன ரத்தக்குழாய்ங்க சுருங்கியிருக்கலாம், குழாயோட உள்சுவர் கிழிஞ்சிருக்கலாம் (இது பிள்ளை பெத்து சில வாரத்துல இருக்கிற சின்ன வயசு பொண்ணுக்கும் வரும்), பெரிய அதிர்ச்சி துக்கத்துக்கு அப்புறம் இதயமே உப்பி பலவீனமாகுற டாக்கோட்சுபோன்னு ஒண்ணும் இருக்கு. ட்ரோபோனின் ஏறியிருந்தா அது மனப்பிரமை இல்ல, காரணம் என்னன்னு கேளுங்க.

யாரு ஜாக்கிரதையா இருக்கணும்னா, சுகர் இருக்கிறவங்க முதல்ல. சுகர் ஆம்பளைங்களை விட பொம்பளைங்க இதயத்தை அதிகமா பாதிக்குது. அடுத்தது கர்ப்பத்துல பிபி ஏறுனவங்க, ஜன்னி வந்தவங்க, அப்ப சுகர் வந்தவங்க. பிரசவம் முடிஞ்சதும் எல்லாம் நார்மல்னு அந்த ஃபைலைத் தூக்கி பரண்ல போட்டுடுறோம், ஆனா அதுக்கப்புறமும் வருஷா வருஷம் பிபி, சுகர் பாக்கணும், கொலஸ்ட்ராலும் இடைக்கிடை பாக்கணும். பிசிஓடி, 45க்கு முன்னாடியே பீரியட்ஸ் நின்னவங்க, முடக்குவாதம் இருக்கிறவங்க, விறகடுப்பு புகையில வருஷக்கணக்கா நின்னவங்களும் இந்த லிஸ்ட் தான்.

தடுக்குறதுக்கு புதுசா எதுவும் இல்ல. இடுப்பளவு 80 சென்டிமீட்டருக்குள்ள, பிபி 140/90க்குக் கீழ (சுகர் இருந்தா டாக்டர் இன்னும் குறைக்கச் சொல்லலாம்), உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், அது ஒரு டீஸ்பூன் தான், நாம ஊறுகாய், வத்தல், அப்பளம், கருவாட்டுலயே அதைத் தாண்டிடுவோம். "நாள் முழுக்க வேலை பாக்குறேனே, அது எக்சர்சைஸ் இல்லையா"ன்னு எல்லாரும் கேக்குறாங்க. இல்லீங்க, பேச முடியணும் ஆனா பாட முடியக் கூடாது, அந்த வேகத்துல வாரத்துக்கு 150 நிமிஷம் நடக்கணும், அரை மணி நேரம் அடுப்பை வேற யாராவது பாக்கட்டும். பிபி, சுகர் மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்குறாங்க, விரதம் வெள்ளிக்கிழமைன்னு விட்டுடாதீங்க.

ஸ்டென்ட் வச்சு வீட்டுக்கு வந்தவங்களுக்கு ஒண்ணு. ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை பொதுவா ஒரு வருஷம் போகும், அப்ப பீரியட்ஸ்ல ரத்தப்போக்கு அதிகமாகலாம். அதுக்காக நீங்களா நிறுத்தினா ஸ்டென்டே அடைச்சுக்கும், வெக்கப்படாம கார்டியாலஜிஸ்ட்கிட்டயே சொல்லுங்க, அதுக்கு வழி இருக்கு. அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65 வயசுக்குள்ள அட்டாக் வந்திருந்தா அந்த வீட்டுப் பொண்ணுங்களுக்கும் ரிஸ்க் கூடுதல், அம்மாவோட டிஸ்சார்ஜ் சம்மரியை மொபைல்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு அடுத்து எந்த டாக்டர்கிட்ட போனாலும் காட்டுங்க.