சைக்கிளில் வேலைக்குப் போகப் போகிறீர்களா? எந்த இன்சூரன்ஸை முதலில் எடுப்பது

சைக்கிள் வாங்கும் கடையிலேயே "இதுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்பது பைக் வாங்கிய பழக்கம். மிதித்து ஓட்டும் சைக்கிள் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் வராது. அதனால் பதிவும் இல்லை, கட்டாய இன்சூரன்ஸும் இல்லை. எதை எடுப்பது என்பது முழுக்க உங்கள் முடிவு. பலர் 15,000 ரூபாய் வண்டிக்குப் பாலிசி தேடுவார்கள், அதை ஓட்டும் உடம்பை விட்டுவிடுவார்கள். முதலில் ஆஸ்பத்திரிச் செலவு, அடுத்து வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், பிறகு அடுத்தவருக்கு ஏற்படும் சேதம், கடைசியில் வண்டி. இந்த வரிசையில் பார்த்தால் காசு வீணாகாது.

மெடிக்கல் பாலிசி ஏற்கெனவே இருந்தால் சைக்கிளுக்காகத் தனியாக ஒன்று வேண்டாம். புதிய பாலிசிக்கு உள்ள 30 நாள் காத்திருப்பு விபத்துக்குப் பொருந்தாது. பார்க்க வேண்டியது அறை வாடகை வரம்பு. 5 லட்ச ரூபாய் பாலிசியில் வரம்பு 1 சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய். நீங்கள் 10,000 ரூபாய் அறையில் படுத்தால் வாடகையில் பாதி மட்டுமல்ல, டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் ஆகியவற்றிலும் பாதியை வெட்டுவார்கள். மருந்தும் எலும்பில் வைக்கும் பிளேட்டும் இந்த வெட்டில் சேரா. முடிந்தவரை அறை வரம்பே இல்லாத பாலிசியாகப் பாருங்கள். இன்னொன்று: மணிக்கட்டில் விரிசல் விட்டு, மாவுக்கட்டு போட்டுக்கொண்டு அன்றே வீட்டுக்கு வந்தால் அது புறநோயாளிச் செலவு. சாதாரண பாலிசியில் அதற்குப் பணம் வராது.

ஏமாற்றம் அதிகம் வருவது தனிநபர் விபத்துக் காப்பீட்டில்தான். சைக்கிளிலிருந்து விழுபவர் கையை ஊன்றி விழுவார், அல்லது தோளில் விழுவார். உடைவது மணிக்கட்டும் கழுத்துப்பட்டை எலும்பும். இவை நாளடைவில் ஒட்டிக் குணமாகிவிடும். விபத்துப் பாலிசியின் அடிப்படைப் பகுதியோ மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டுமே பணம் தரும். ஆறு வாரம் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாலும் அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. அதற்குத்தான் 'தற்காலிக முழு இயலாமை' என்ற கூடுதல் பிரிவு. எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்கும் 'சரல் சுரக்ஷா பீமா'வில் இது விருப்பப் பிரிவு: வாரத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 0.2 சதவீதம், அதிகபட்சம் 100 வாரம். 25 லட்சத்துக்கு எடுத்திருந்தால் வாரம் 5,000. ஆறு வாரத்துக்கு 30,000. சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கும் அரசு ஊழியருக்கு இது தேவையில்லை. தினக்கூலிக்காரருக்கும் சொந்தக் கடை வைத்திருப்பவருக்கும் மெடிக்கல் பாலிசிக்கு அடுத்து இதுதான் முக்கியம்.

வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 18 முதல் 70 வயது வரை, விபத்து மரணத்துக்கு 2 லட்சம். அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அந்த 20 ரூபாயைப் பிடிக்கும் மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாமல் போனால் திட்டம் அப்படியே நின்றுவிடும், யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தும், அந்தப் பயணத்துக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால், பணியிடக் காயமாகவே கருதப்படும் என்று 2010-இல் சட்டத்தில் சேர்த்தார்கள். தற்காலிக இயலாமைக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரை கிடைக்கும். விபத்து நடந்த இடம், நேரம், வழி மூன்றையும் அன்றே நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். வழியில் உறவினர் வீட்டுக்குத் திரும்பியிருந்தால் சிக்கல்தான்.

கார் உங்களை இடித்தால் நீங்கள் அந்தக் காரின் இன்சூரன்ஸுக்கு மூன்றாம் நபர். வண்டி எண்ணைப் படமெடுத்து, போலீஸில் எழுதிக் கொடுத்து, விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். இடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாவிட்டால் அரசுத் திட்டத்தில் பலத்த காயத்துக்கு 50,000, மரணத்துக்கு 2 லட்சம்.

நீங்கள் ஒரு பெரியவரை இடித்துவிட்டால்? சைக்கிள்தானே என்று விட மாட்டார்கள். பொதுவழியில் அஜாக்கிரதையாக ஓட்டுவதைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதா (புதிய குற்றவியல் சட்டம்) 281-ஆம் பிரிவு எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும். சிவில் வழக்கில் இழப்பீடும் கேட்கலாம். சில நிறுவனங்களின் ஹவுஸ்ஹோல்டர் பேக்கேஜ் பாலிசியில் (வீட்டுக்கும் வீட்டுப் பொருட்களுக்குமான பாலிசி) சைக்கிளுக்கென்று ஒரு பிரிவு உண்டு, அதில் இந்தப் பொறுப்பும் சிறு தொகைக்குச் சேர்ந்திருக்கும். எல்லா நிறுவனங்களும் விற்கும் பொதுவான வீட்டுப் பாலிசியான பாரத் கிருஹ ரக்ஷா அப்படியல்ல. தீ, வெள்ளம் போன்றவற்றை அடுத்து ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டு மட்டுமே அதில் வரும். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் சாதாரணமாகக் களவு போன சைக்கிளுக்கு அது உதவாது.

பேட்டரி சைக்கிள்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாக இருந்து, 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டாரின் உதவி நின்றுவிட்டால்தான் அது சைக்கிள். கடையில் கொடுத்து வேக வரம்பை எடுத்துவிட்டால் பதிவில்லாத மோட்டார் வாகனம். க்ளெய்ம் வரும்போது நிறுவனம் முதலில் தேடுவது இதைத்தான்.

கடைசியாக வண்டி. 15,000 ரூபாய் சைக்கிளுக்குத் திருட்டுப் பாலிசியைவிட நல்ல யூ-லாக் (U வடிவ இரும்புப் பூட்டு) மேல். 60,000-க்கு மேல் போட்டவர்கள் பாலிசி பார்க்கலாம். வாசகத்தில் நான்கு இடங்களைத் தேடுங்கள்: அசையாத பொருளோடு பூட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை, ஆண்டுத் தேய்மானக் கழிவு, ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை, லைட்டோ சீட்டோ மட்டும் திருடு போனால் கிடைக்குமா என்பது. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் 'இல்லை'தான்.

வாங்கிய அன்றே பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் ஃபிரேம் எண்ணைப் படமெடுத்து, பில்லிலும் எழுதி வாங்குங்கள். திருட்டுப் போனால் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு மட்டும்) கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கம். நிறுவனம் கேட்பது எஃப்.ஐ.ஆர். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால் புதிய குற்றவியல் சட்டத்தில் அது போலீஸார் தாமாக வழக்குப் பதியக்கூடிய குற்றமே அல்ல. அதனால் புகாரில் பில் விலையைக் குறிப்பிட்டு, பில் நகலையும் இணைத்துக் கொடுங்கள்.